ஒரு வால்வு பாக்கி

நகரக் கனரக வாகனப் பராமரிப்பு வாரியம் என்று பெங்களூரில் ஒன்று இருந்தது. குப்பை லாரிகளையும் தண்ணீர் லாரிகளையும் ஓடுகிற நிலையில் வைத்திருப்பது அதன் கடமை. லாரிகள் ஓடினவா என்று கேட்கக் கூடாது. வாரியம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அதன் டிப்போவில் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு மேலே, ‘பழையது உள்ளே வந்தால் புதியது வெளியே போகும்’ என்று பெரிய கன்னட எழுத்தில் எழுதியிருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு டிரைவர் புது டைனமோவை வாங்கிக்கொண்டு போய் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் விற்றுவிட்டு, பழையதையே மாட்டி ஓட்டினானாம். அதிலிருந்து ஒரு போல்ட்டு வேண்டுமென்றாலும் பழைய போல்ட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் வைக்க வேண்டும். பழையதைக் கழித்துக்கட்ட, கண்டம் கமிட்டி என்று மூன்று அதிகாரிகள் உண்டு. அவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, இனி உதவாது என்று தீர்மானித்து, சிவப்புப் பெயிண்டால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பார்கள். அதற்கப்புறம்தான் புதியது. பழையது வழியில் கழன்று விழுந்து தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. தொலைந்துபோன பொருள் தேய்ந்திருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று வாரியம் கேட்கும். பாதி லாரிகள் இதனால் நின்றுகிடந்தன. ஆனால் ஒரு போல்ட்டுகூடத் திருட்டுப்போகவில்லை என்று வாரியம் வருஷா வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து “பழசு எங்க?” என்று கேட்கிற உத்தியோகம் ஏகாம்பரத்துடையது. ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தார். கை சுத்தமான மனிதர். சொந்த மைத்துனன் வந்து ஒரு ஃபேன் பெல்ட்டுக்கு மன்றாடியபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அந்த மைத்துனன் அதற்கப்புறம் தீபாவளிக்குக்கூட வீட்டுப்பக்கம் வரவில்லை. அவருடைய மனைவி சொர்ணத்துக்கு அந்த வருத்தம் கடைசிவரை போகவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஏகாம்பரத்துக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. சின்ன வயதில் வந்த மூட்டு வீக்கக் காய்ச்சல் போகிற போக்கில் இருதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. முன்னொரு தடவை உள்ளே பலூனை விட்டு விரித்துப் பார்த்திருந்தார்கள். அது மறுபடியும் சுருங்கிவிட்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருப்பதால் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார். கால் இரண்டும் வீங்கின. ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டர் டோரதி, ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். இடுப்பில் பேஜர் கத்திக்கொண்டே இருக்கும், ஆனால் நோயாளியிடம் பேசும்போது மட்டும் அதை எடுத்துப் பார்க்கமாட்டார். சொர்ணத்தைத் தனியாக அழைத்து, “வால்வையே மாத்தணும்மா. தள்ளிப்போட்டா இந்த மழைக்காலத்தத் தாண்டமாட்டாரு” என்று சொன்னார்.

அதற்கான ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும் என்று முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஏகாம்பரம் இத்தனை காலமும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய டிரைவர்களே வரிசையில் வந்து படுத்தார்கள். “பழைய ரத்தம் இல்லாம புது ரத்தம் வாங்கிக்குவாரா, கேட்டுக்கங்க” என்று ஒருவர் கிண்டல் செய்தார். எல்லாம் தயார். வால்வு ஒன்றுதான் வரவேண்டும்.

ஊழியர்களின் வைத்தியத்துக்கு வாரியத்தில் தனிப் பிரிவு உண்டு. மூக்குக்கண்ணாடி, இடுப்புப் பட்டை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அசைகிற பாகம் உள்ள எந்தப் பொருளையும் ஸ்டோர்ஸ் மூலமாகத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. செயற்கை வால்வில் இரண்டு இதழ்கள் திறந்து மூடும். ஆகவே வைத்தியப் பிரிவு கோப்பை ஸ்டோர்ஸுக்குத் தள்ளிவிட்டது. சொர்ணம் போய் அந்த ஜன்னலில் நின்றாள். ஏகாம்பரத்துக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பழசு எங்கே என்று கேட்டார்.

சொர்ணம் முதலில் அதைத் தமாஷ் என்று நினைத்தாள். பிறகு ஸ்டோர்ஸ் கண்ட்ரோலர் ஸ்ரீகண்டையாவின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ் ஃபிட்டர்களோடு பழகிப் பழகித் தமிழ் சரளமாகப் பேசுவார். அவளை உட்காரச் சொல்லி, ஏகாம்பரம் எப்படியிருக்கிறார் என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

“நோடம்மா, பாருங்கம்மா, எனக்கும் வருத்தம்தான்” என்றார். “பழசை உள்ளயே வெச்சிக்கினு புதுசு கேக்கறீங்க. இன்னிக்கு ஏகாம்பரத்துக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஒரே நெஞ்சுல ரெண்டு வால்வு ஓடும். மனுஷன் சாகலாம்மா, அதுக்கு ரூல்ல இடம் இருக்கு. கணக்குல ஒரு ஐட்டம் ஜாஸ்தியானா அதுக்கு இடம் இல்ல.”

புதியது கையில் வந்தால்தான் நெஞ்சைத் திறப்பேன் என்கிறார் டாக்டர். நெஞ்சைத் திறந்து பழையதை எடுத்து வந்தால்தான் புதியதைத் தருவேன் என்கிறது வாரியம். நடுவே ஒரு மனிதன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். சொர்ணம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அந்த மனிதர் தலையாட்டி, கண்ட்ரோலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார்.

“உனக்கு இன்னாயா, பைத்தியமா?” என்றாள் சொர்ணம். “செத்துக்கினு கீற, நியாயம் பேசற.”

“நானே எத்தினி பேரைத் திருப்பி அனுப்பிருக்கேன்” என்றார் ஏகாம்பரம். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. சொர்ணத்துக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிக்கலாம்போல் இருந்தது. அடிக்கிற இடம் நெஞ்சாக இருந்துவிடப்போகிறதே என்று அடங்கிக்கொண்டாள்.

ஸ்ரீகண்டையா கல்நெஞ்சக்காரர் இல்லை. பொருள் ஜன்னலுக்கு வர முடியாவிட்டால் கமிட்டி பொருளிடம் போகலாம் என்று ஒரு துணைவிதியைக் கண்டுபிடித்தார். கண்டம் கமிட்டி ஜீப்பில் ஸ்ரீராம்புரம் வந்து, சந்துக்குள் ஜீப் நுழையாததால் இறங்கி நடந்து வந்தது. கண்ட்ரோலர், இன்ஜின் செக்ஷன் இன்ஜினியர், கணக்கு அதிகாரி என்று மூவர். ஏகாம்பரம் உட்கார்ந்தபடியே சல்யூட் அடிக்கப் பார்த்தார். மூவரும் முறைவைத்து அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள். லீக் இருக்கிறது என்று இன்ஜினியர் ஒப்புக்கொண்டார், ஆனால் இன்ஜின் வால்வைத் தேய்த்துச் சரிசெய்வதுபோல் ஒருதரம் கிரைண்டிங் செய்து பார்த்தார்களா என்று கேட்டார். பொருளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை என்று கணக்கு அதிகாரி சொல்லிவிட்டார். காபி குடித்துவிட்டுப் போனார்கள். பொருள் இருப்பது உறுதி, அதன் நிலை உறுதியில்லை என்று முடிவாயிற்று. பழைய வால்வைக் கழற்றியதும் தாமதமின்றி வாரியத்துக்கு அனுப்பிவைக்கும்படி ஸ்ரீகண்டையா ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் போட்டுவைத்தார். எதையும் முன்கூட்டிச் செய்கிறவர் அவர்.

மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பெஞ்சில் சொர்ணத்துக்குத் துணை பாஞ்சாலிதான். அவளுக்கும் அதே மூட்டுக் காய்ச்சல், அதே வால்வு, அதே டாக்டர். அவளும் அதே டிப்போவில்தான் பெருக்கினாள், ஆனால் கான்ட்ராக்டர் வைத்த ஆள். அவளுடைய உடம்புக்குக் கான்ட்ராக்டர்தான் பொறுப்பு என்றது வாரியம். நான் வேலைக்கு எடுத்தது கையைத்தான், நெஞ்சை இல்லை என்றான் கான்ட்ராக்டர். ஆகவே அவளிடம் யாரும் பழசு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்து நாலு அடி பெருக்கிவிட்டு உட்கார்ந்து, மறுபடி எழுந்து பெருக்குவாள். “அண்ணாவுக்காச்சும் நடக்கட்டும்க்கா” என்பாள். அதைப் பொறாமை இல்லாமல் சொல்வாள். சொர்ணத்துக்கு அதுதான் தாங்காது.

ஒரு நாள் குழாயடியிலிருந்து சொர்ணம் திரும்பியபோது ஏகாம்பரம் தரையில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்ஸிஜன் வைத்துவிட்டு வந்த டாக்டர் டோரதி, இனி வாரக் கணக்கில்தான் பேச முடியும் என்றார். மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்பது சொர்ணத்துக்குப் புரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மக்பூல் பாயின் கறிக்கடையில் கூட்டம். சொர்ணம் ஆட்டு இருதயம் ஒன்று கேட்டாள். வறுக்கவா குழம்புக்கா என்று பாய் கேட்டார். துண்டு போடவேண்டாம், நடுவே வெள்ளையாக ஜவ்வு மாதிரி மூடித் திறக்கிற பாகம் இருக்குமே, அதை மட்டும் கிழியாமல் எடுத்துக்கொடுங்கள் என்றாள். அதில் கறி இல்லையே என்று பாய் வருத்தப்பட்டார். ஆனாலும் பொறுமையாக எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழுவி, உப்புத் தண்ணீர் ஊற்றி, மாங்காய் ஊறுகாய் இருந்த பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினாள். மாட்டிக்கொண்டால் புருஷன் வேலை போகும். மாட்டிக்கொள்ளாமல் சும்மா இருந்தால் புருஷனே போவான். ஆழம் தெரிந்துதான் காலை விட்டாள்.

திங்கட்கிழமை ஜன்னலில் பாட்டிலை வைத்தாள். கமிட்டி கூடியது. ஸ்ரீகண்டையா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பழசை எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். சொர்ணம் தலையசைத்தாள்.

“அப்போ இப்ப எதுல ஓடறாரு?”

இந்தக் கேள்வியை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் ரேடியேட்டரைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

“டெம்பரவரி சார்” என்றாள். “இன்னாத்தையோ வெச்சிக் கட்டி ஓட்டிக்கினு கீறாங்க.”

மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். டிப்போவில் எல்லாமே அப்படித்தான் ஓடியது. கணக்கு அதிகாரி ஊறுகாய் வாசனை அடிக்கிறதே என்றார். மருந்து என்று சொன்னாள். இன்ஜினியர் இடுக்கியால் ஜவ்வை எடுத்து இழுத்து, விரித்து, மடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார். “கழுவிப் போட்டா இன்னும் அஞ்சாறு வருஷம் வருமே.”

சொர்ணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நோஞ்சான் ஆட்டைக் கேட்டு வாங்காமல் போனேனே என்று நொந்துகொண்டாள். இன்ஜினியர் இரண்டாம் தடவையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவளைக் காப்பாற்றியது கணக்கு அதிகாரிதான். ஏகாம்பரத்தின் சர்வீஸ் எவ்வளவு என்று கேட்டார். அவ்வளவு வருஷம் உபயோகித்த பொருள் எதுவானாலும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், விதிப்படி தேய்ந்ததே என்றார். விதி என்றதும் இன்ஜினியர் இடுக்கியைக் கீழே வைத்தார். ஆட்டு வால்வின் மேல் சிவப்புக் கோடு இழுக்கப்பட்டது. அந்த வாரமே டாக்டர் சொன்ன அளவில் புது வால்வு வந்து சேர்ந்தது.

ஆபரேஷன் நடந்த அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை சொர்ணம் வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாஞ்சாலியும் இருந்தாள். கும்பிட்ட சாமிகளோடு சேர்த்து, பேர் தெரியாத அந்த ஆட்டையும் சொர்ணம் கும்பிட்டுக்கொண்டாள். டாக்டர் டோரதி வெளியே வந்து முகமூடியை இறக்கி, “ஓடுது” என்று ஒரே வார்த்தை சொன்னார். சொர்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பிழைத்து எழுவதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். குடம் தூக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யாது. அடிக்கடி ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அமைதியான நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வு டிக் டிக் என்று மூடுவது கேட்டது. முதல் நாள் பயந்துபோன சொர்ணம், பிறகு அது கேட்காவிட்டால்தான் பயப்பட்டாள்.

அந்த நிம்மதிக்கு நடுவே ஸ்ரீகண்டையாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மேஜைமேல் ஊறுகாய் பாட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட இன்னொரு பாட்டில். அவருடைய பழைய கடிதத்தை மதித்து ஆஸ்பத்திரிக்காரர்கள் நிஜமான வால்வைச் சிரத்தையாக அனுப்பிவைத்திருந்தார்கள். கமிட்டி அதையும் பார்த்துவிட்டது. இவ்வளவு மோசமானதை வைத்துக்கொண்டா மனுஷன் ஓட்டினான் என்று இன்ஜினியர் அனுதாபப்பட்டு, அதற்கும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று சொர்ணம் நினைத்தாள். காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தாள்.

“ரெண்டு பழசு உள்ள வந்திருக்கு” என்றார் ஸ்ரீகண்டையா. அவர் குரல் தழுதழுத்தது. “புதுசு ஒண்ணுதான் வெளிய போயிருக்கு. என் சர்வீஸ்ல இப்படி நடந்ததில்லம்மா. வாரியம் உங்களுக்கு ஒரு வால்வு பாக்கி.”

சொர்ணம் ஒன்று போதும் சார் என்றாள். போதாது என்றார் அவர். ஆடிட் வருகிறது. அதற்குள் இரண்டாவது வால்வும் பொருத்தப்பட்டு, அதை அவர் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. நேராகாத கணக்கில் கொடுக்கப்பட்ட பொருளை ஸ்டோர்ஸ் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

“எங்கேர்ந்து சார் எடுப்பீங்க?”

“எங்க இருக்கோ அங்கேர்ந்துதான்” என்றார் ஸ்ரீகண்டையா, வருத்தத்தோடு.

அவள் ஓடிப்போய் டாக்டர் டோரதியிடம் ஆடு முதற்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. பாஞ்சாலியை முந்தின நாள்தான் பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டரும் சொர்ணமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கி வால்வு யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

ஏகாம்பரத்திடமும் ஆட்டுக் கதையைச் சொல்லியாயிற்று, அவருடைய சம்மதம்தான் பாக்கி. வால்வு அவர் பேரில்தான் வரும், அவர்தான் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். பாஞ்சாலி ஊழியரே இல்லை என்றார்.

“நீ அந்த ஜன்னல்ல குந்தினு இருந்தப்ப தெனம் உன் காலடியில பெருக்கினவ அவ” என்றாள் சொர்ணம். “உன் ரூலு ஒரு ஆட்டுக்குத் தலைவணங்கிச்சி. அவளுக்கு வணங்காதா? அவ செத்தா நான் உன்னோட பேசமாட்டேன்யா. இத்த நான் கோவத்துல சொல்லல.”

அவள் அழவில்லை. அதுதான் அவரைக் கலக்கியது. ஏகாம்பரம் தலையணையை அணைத்துக்கொண்டார். நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், ஒரு வண்டிக்கு எடுத்த பாகத்தை அவசரத்துக்கு வேறொரு வண்டியில் மாட்டலாம் என்று விதியில் இருக்கிறது என்றார்.

“ரெண்டு வண்டியும் ஒரே டிப்போவா இருக்கணும். அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். சொர்ணம் பேனாவைக் கொடுத்தாள்.

டாக்டர் டோரதி பாஞ்சாலியின் அளவுக்கு எழுதிக்கொடுத்தார். வால்வு வந்தது. ஆபரேஷன் நடந்தது. அவள் கண் விழிக்க ஏகாம்பரத்தைவிட அதிக நேரம் பிடித்தது. விழிக்கும்வரை சொர்ணம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண்கள் வார்டில், கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ‘ஏகாம்பரம்’ என்று எழுதியிருந்தது.

சரிபார்க்கிற நாள் வந்தது. ஸ்ரீகண்டையா தனியாகத்தான் வந்தார். டாக்டர் டோரதி அவரைப் பெண்கள் வார்டுக்குள் அழைத்துப்போனார். அவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டே நடந்து, கட்டிலருகே வந்து நின்று அட்டையைப் படித்தார். பிறகு படுத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார். பாஞ்சாலி அவருடைய அறையை வருஷக்கணக்காகப் பெருக்கியவள். அவர் காலைத் தூக்கிக்கொள்ள, காலடியில் குனிந்து பெருக்கியவள்.

அவர் அந்த முகத்தை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தார். ஏகாம்பரத்தின் முகம் அவருக்குத் தெரியும்தான், ஆனால் எழுதியிருப்பதை நம்பாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

“ஏகாம்பரமா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“ஆமா சார்” என்றாள் பாஞ்சாலி.

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். டிக் டிக் என்று கேட்டது. பொருள் பொருத்தப்பட்டு ஓட்டத்தில் இருப்பதாகக் குறித்துக்கொண்டார். கணக்கு நேரான சந்தோஷம் அவர் முகத்தில் படர்ந்தது. அது அடங்குவதற்குள், பழக்க தோஷத்தில், கழற்றிய பழசு எங்கே என்று கேட்டுவிட்டார். டாக்டர் டோரதி முத்திரை போட்ட புது பாட்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அவர் அதைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். உள்ளே வந்தது மூன்று, வெளியே போனது இரண்டு. வெளிறிப்போய், அடுத்த வாரமே மிச்சத்தை அனுப்பிவிடுகிறேன், ஆடிட்டுக்குள் எப்படியாவது பொருத்திவிடுங்கள் என்று டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

பாஞ்சாலி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாகடி ரோட்டில் ஊதுவத்தி உருட்டுகிறவளாம்.

“அக்கா” என்றாள் பாஞ்சாலி. “அந்தப் பொண்ணு எந்த டிப்போ?”

“நம்ம டிப்போதான்” என்றாள் சொர்ணம்.